ஊர்தோறும் ஒரு புதிய பியானோ

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பெருவழியில், ஓச்சேரியைக் கடந்து வாலாசாப்பேட்டையை நெருங்கும் முன்னர்க் காவேரிப்பாக்கம் என்னும் ஊர் அமைந்துள்ளது. பெயரிலே காவேரி இருப்பினும் ஊருக்கு உயிர் கொடுப்பது பாலாறுதான். அவ்வாற்றின் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே வரும் நீர் இங்குள்ள ஏரியில் கடல்போற் பரந்து நிற்கும். பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் அமைக்கப்பட்டது என்று சொல்லப்படும் இவ்வேரி, தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்று. வேனிற்காலத்தில் இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில், திரௌபதி அம்மன் கோயில்களின் முன்னே, இரவெல்லாம் பாரதக் கூத்து நடைபெறுவது பழைய வழக்கம்.

கூத்துக் குழுவினர் ஊர் ஊராகச் செல்பவர். முன்னாளில் மாட்டு வண்டியிலும் இந்நாளில் சிற்றுந்திலும் அவர்களுடைய பெட்டிகள் வந்து இறங்கும். ஒரு பெட்டியில் முடியும் புயக்கட்டைகளும் இருக்கும். ஒன்றில் அரிதாரமும் துணிமணிகளும் இருக்கும். மிருதங்கக்காரர் தம் மிருதங்கத்தை உறையிலிட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். முகவீணைக்காரருக்கு ஒரு சிறு பை போதும். ஆர்மோனியக்காரர் தம் பெட்டியைப் பிறரிடம் கொடுக்க மாட்டார். தாமே சுமந்து வந்து, தாமே பாய்மேல் வைத்து, ஒரு கட்டையை அழுத்திப் பார்ப்பார். நேற்று வேறோர் ஊரில் எந்தக் கட்டை சற்றே சிணுங்கிற்றோ அதே கட்டை இன்றும் சிணுங்கும். அவர் விரல் அதனை அறியும். ஊர் புதிதாயினும் கருவி பழையது. அவருடைய சொந்தக் கருவி.

இப்பேறு பியானோ வாசிப்பவருக்கு இல்லை. உலகில் இசைவாணர் பலரும் தத்தம் கருவியுடன் ஊர் செல்கின்றனர். வீணை வாசிப்பவர் வீணையுடனும் குழல் ஊதுபவர் குழலுடனும் செல்வர். பாடுபவர்க்கோ கருவி தொண்டையிலேயே உள்ளது. பியானோ வாசிப்பவர் மட்டும் வெறுங்கையராய்ப் பயணம் செய்து, எவரோ வாங்கி, எவரோ பேணி, எவரோ சுருதி சேர்த்து வைத்த கருவியின்முன் அமர்ந்து, தம் உள்ளத்தில் உள்ளதை அதன்வழியே சொல்ல வேண்டியவராக இருக்கிறார்.

பெரிய அவைகளில் வாசிக்கப்படும் பியானோவின் நீளம் ஏறத்தாழ 9 அடி. எடை ஏறத்தாழ 500 கிலோகிராம். அதில் 88 கட்டைகள் உண்டு. ஒரு கட்டையை அழுத்தினால், உள்ளே கம்பளி அட்டை பொதிந்த சிறு சுத்தியல் ஒன்று மேலெழுந்து தந்தியைத் தட்டிவிட்டு உடனே திரும்பும். தந்திகள் இருநூற்றுக்கு மேற்பட்டவை. அவை அனைத்தும் சேர்ந்து இழுக்கும் இழுவிசை ஏறத்தாழ 20 டன் என்பர். அதனைத் தாங்குவதற்கு வார்ப்பிரும்புச் சட்டம் ஒன்று உண்டு. திரும்பி வரும் சுத்தியலைத் துள்ளாமல் பற்றிக்கொள்ளும் சிறு கட்டையின்மேல் மெல்லிய தோல் ஒட்டப்பட்டிருக்கும். இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் தொழிலில் வளர்ந்தவர்களுக்கு அத்தோலின் இயல்பை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மழைக்காலத்தில் அது ஈரத்தை வாங்கும், வெயிற்காலத்தில் இறுகும். மரமும் கம்பளியும் அவ்வாறே. ஆகவே ஒரே தொழிற்சாலையில் ஒரே ஆண்டில் செய்யப்பட்ட இரண்டு பியானோக்கள்கூட வெவ்வேறு ஊர்களில் சில ஆண்டு இருந்தபின், ஒரு தாய் வயிற்றில் பிறந்து குணத்தால் வேறுபட்ட இரு பிள்ளைகள்போல ஆகிவிடுகின்றன.

கச்சேரி நாளன்று பியானோ வாசிப்பவரின் முதல் வேலை இப்புதிய பிள்ளையுடன் பழகுவதாகும். பெரும்பாலும் அதற்குக் கிடைப்பது ஓரிரு மணி நேரமே. இருக்கைகள் வெறுமையாயிருக்கும் அவையில் அவர் மெல்ல ஒரு கட்டையை அழுத்திப் பார்ப்பார். கட்டை கனமா, இலேசா? மேற்சுரங்கள் கண்ணாடிபோல் ஒலிக்கின்றனவா, மரம்போல் மங்குகின்றனவா? மெல்லிய ஓசையை விரும்பி விரலை மெதுவாக வைத்தால் ஒலி வருகிறதா, வராமலே போய்விடுகிறதா? கால்மிதியை அழுத்தும்போது முனகல் கேட்கிறதா? திங்கட்கணக்கில் தம் வீட்டுப் பியானோவில் பழகிய அளவுகளையெல்லாம் அந்த ஓரிரு மணி நேரத்தில் விரல்கள் மறந்து, புதிய அளவுகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். மாலையில் அவை நிறைந்தபின் மீண்டும் ஒரு மாற்றம் நேரும். மனிதர் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சிக் கொள்வதால், பகலில் முழங்கிய கருவி இரவில் அடங்கி ஒலிக்கும்.

தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையை அறிந்தவர் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். இங்கே பாடகருக்குப் பின்னே தம்புரா இடைவிடாது ஒலிக்கிறது. அவர் மூச்சு வாங்கும் இடத்தை வயலின் நிரப்புகிறது. தனி ஆவர்த்தனத்தின்போது மிருதங்கக்காரர் அவையைத் தம் கையில் எடுத்துக்கொள்ள, பாடகர் தாளமிட்டுக்கொண்டு தொண்டைக்குச் சிறிது ஓய்வு கொடுக்கிறார். தனிப் பியானோக் கச்சேரியில் இவற்றுள் ஒன்றும் இல்லை. இரண்டு மணி நேரமும் மேடையில் ஒருவரே. சுரத்தாள் முன்னே இராது. ஆயிரக்கணக்கான சுரங்களையும் நினைவிலிருந்தே எடுக்க வேண்டும். ஓரிடத்தில் நினைவு அறுந்தால் கைகொடுப்பார் எவருமில்லை.

இத்தகைய தனிமையை மேடைக்குக் கொண்டுவந்தவர் அங்கேரி நாட்டில் 1811ஆம் ஆண்டு பிறந்த பிரான்சு இலிஸ்ட் என்பவர். அவர் காலத்துக்கு முன் ஐரோப்பாவில் ஒரு கச்சேரி என்றால் பாட்டும் வாத்தியக் குழுவும் பலர் வாசிப்பும் கலந்த கதம்பமாகவே இருந்தது. 1839ஆம் ஆண்டு உரோம் நகரில் இலிஸ்ட் துணை ஒருவருமின்றித் தாமே முழுக் கச்சேரியும் வாசித்தார். அடுத்த ஆண்டு இலண்டனில் அவ்வாறு வாசித்தபோது அதனைக் குறிக்க ஒரு புதுப் பெயரும் விளம்பரத்தில் தோன்றியது. கவிதையை ஒப்பிப்பதைக் குறிக்கும் ‘ரிசைட்டல்’ என்னும் சொல்லே அது. பியானோவை எவ்வாறு ஒப்பிப்பது என்று நகைத்தவர்களும் அன்று இருந்தனர். ஆயினும் அச்சொல்லே நிலைத்துவிட்டது.

இரயில் பாதைகள் அருகியிருந்த காலம் அது. போர்ச்சுக்கல் முதல் உருசியா வரையில், பெரும்பாலும் குதிரை வண்டியிலேயே இலிஸ்ட் பயணம் செய்தார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை அவர் மேடையேறினார் என்று அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். பெண்கள் அவருடைய கையுறையைக் கிழித்துத் துண்டுகளாகப் பகிர்ந்துகொண்ட கதைகள் பல உண்டு. அவற்றை இங்கு விரிக்க வேண்டா. 1847ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், இன்றைய உக்கிரேனில் உள்ள எலிசவெத்கிராது என்னும் நகரில் வாசித்தபின், பணத்துக்காக மேடையேறுவதை அவர் நிறுத்திக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 35. மேலும் 39 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார், இசை இயற்றினார், மாணவர்களிடம் கட்டணம் வாங்காமல் கற்பித்தார். தாம் உண்டாக்கிய வழக்கத்தைத் தாமே முதலில் கைவிட்டவராகவும் அவர் விளங்கினார்.

விட்டுவிட நினைத்தாலும் விட இயலாதவர்களும் இருந்தனர். செருமானிய நாட்டுக் கிளாரா சூமான் அம்மையார் ஒன்பதாம் வயதில் இலைப்சிக்கு நகரில் மேடையேறியவர். பெரும் பாடல்களைத் தாளின்றி நினைவிலிருந்து வாசித்த முதல்வர்களுள் அவரும் ஒருவர். அது செருக்கு என்று குறை கூறியவர்களும் உண்டு. இசையறிஞர் இராபர்ட்டு சூமானை மணந்து எட்டு மக்களைப் பெற்றார். 1854ஆம் ஆண்டு கணவர் மனநோயுற்று மருத்துவமனை சேர்ந்தார், இரண்டாண்டில் இறந்தும்போனார். அன்று முதல் குடும்பத்தைக் காத்தவை அம்மையாரின் பத்து விரல்களே. பிள்ளைகளை உறவினரிடமும் விடுதிகளிலும் விட்டுவிட்டு, குளிர்காலம்தோறும் அவர் ஊர் ஊராகச் சென்றார். அவர் வாசித்த கச்சேரிகளின் நிகழ்ச்சித் தாள்கள் ஆயிரத்து முந்நூறுக்கு மேல் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. கையில் வலி கண்டு, திங்கட்கணக்கில் வாசிக்க இயலாமற் போன காலங்களும் இருந்தன. வலி தணிந்ததும் மீண்டும் பெட்டியைக் கட்டினார். அந்த ஆயிரத்து முந்நூறு தாள்களிலும் வாசித்த பாடல்களின் பெயர்கள் உள்ளன. வீட்டில் விட்டுவந்த குழந்தைகளின் பெயர்கள் இல்லை.

பயணக் கொடுமையின் எல்லையைக் கண்டவர் அந்தோன் உருபின்சிட்டைன். உருசிய நாட்டவரான அவர், இலிஸ்டுக்குப்பின் தோன்றிய பியானோ வல்லுநருள் தலையாயவர் என்று போற்றப்பட்டவர். 1862ஆம் ஆண்டில் பீட்டர்சுபர்க்கு நகரில் உருசியாவின் முதல் இசைக் கல்லூரியை நிறுவியவரும் அவரே. 1872ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவுக்குச் சென்றார். கச்சேரி ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். காகிதப் பணத்தை நம்பாமல் பொன்னாகவே ஊதியம் வேண்டும் என்பது அவர் இட்ட கட்டளை. வயலின் வல்லுநர் வீனியாவுசுக்கியும் உடன் சென்றார். 239 நாள்களில் 215 கச்சேரிகள்! ஓய்ந்திருந்த நாள்கள் மிகச் சில. ஒரே நாளில் இரண்டு ஊர்களில் வாசித்த நாள்களும் உண்டு. வாசிப்பு முடிந்ததும் இரயில். இரயிலிலிருந்து இறங்கியதும் அவை. அவையிலிருந்து மீண்டும் இரயில்.

பியானோ செய்யும் சிட்டைன்வே நிறுவனத்தார் இப்பயணத்துக்குப் பின்னின்று உதவியமையால் கருவிக் குறை அவருக்கு அவ்வளவாக இல்லை. ஆனால் வேறொரு குறை வந்து சேர்ந்தது. வாசித்த பாடல்களையே மீண்டும் மீண்டும் வாசித்து, அவர் தம்மையே வெறுக்கத் தொடங்கினார். அங்கே கலைக்கு இடமில்லை, வெறும் தொழிற்சாலை வேலைக்கே இடமுண்டு என்றும், மனிதன் அங்கே தானாக இயங்கும் பொறியாகிவிடுகிறான் என்றும் பின்னாளில் அவர் மனம் நொந்து நினைவுகூர்ந்தார். கைதட்டல் குறையவில்லை, பொன்னும் குறையவில்லை. குறைந்தது எது என்பதை அவர் ஒருவரே அறிந்திருந்தார். ஊர் திரும்பிய பின் அப்பொன்னைக் கொண்டு பீட்டர்சுபர்க்குக்கு அருகில் ஒரு வீடு வாங்கினார். அமெரிக்காவுக்கு அவர் மீண்டும் செல்லவே இல்லை.

எனினும் உருபின்சிட்டைன் பியானோவை விட்டுவிடவில்லை. 1885ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் அவர் வேறு வகையான ஒரு பயணம் மேற்கொண்டார். பழைய காலத்துச் சிறு பாடல்கள் முதல் தம் காலத்து உருசிய இசை வரை, பியானோ இசையின் வரலாறு முழுவதையும் ஏழு கச்சேரிகளில் அடக்கினார். பீட்டர்சுபர்க்கு, மாசுக்கோ, பெர்லின், வியன்னா, பாரிசு, இலண்டன் முதலிய நகரங்களில் அவற்றை வாசித்தார். பல நகரங்களில் ஒவ்வொரு கச்சேரியையும் மறுநாள் மாணவர்களுக்காகக் கட்டணமின்றித் திரும்ப வாசித்தார். முதுமை நெருங்கிய காலம் அது. விரல்கள் முன்போல் ஓடவில்லை. தவறிய சுரங்கள் பல. அவையோர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. அமெரிக்காவில் பொறியாகிவிட்டதாக வருந்திய மனிதர், இலவசமாக நுழைந்த மாணவர்களின் முன்னே மீண்டும் மனிதரானார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் பயணம் எளிதாயிற்று. விமானம் வந்தது. அதனால் தனிமை குறைந்ததா என்றால், இல்லை. கனடா நாட்டில் 1932ஆம் ஆண்டு பிறந்த கிளென் கூல்டு தம் பியானோவைச் சுமந்து செல்ல இயலாதவராய், தம் நாற்காலியைச் சுமந்து சென்றார். அவர் தந்தை செய்து கொடுத்த, கால்கள் அறுக்கப்பட்ட மடக்கு நாற்காலி அது; தரையிலிருந்து 14 அங்குல உயரமே இருக்கும். எந்த நாட்டு மேடையாயினும் அவர் அதிலேதான் அமர்ந்தார். இருக்கையின் மெத்தை தேய்ந்து, கிழிந்து, வெறும் சட்டமே எஞ்சியபின்பும் அதனை மாற்றவில்லை. பார்த்தவர்கள் சிரித்தனர். அவருக்கோ, ஊரும் அவையும் பியானோவும் நாள்தோறும் மாறுகையில் மாறாத ஒரு பொருள் தேவையாயிருந்தது போலும். ஆர்மோனியக்காரருக்கு அவர் பெட்டி எதுவோ, கூல்டுக்கு அந்த நாற்காலி அது.

1957ஆம் ஆண்டு மே திங்களில், 24 வயது இளைஞராக அவர் மாசுக்கோ சென்றார். அவர் பெயரை அங்கு அறிந்தவர் மிகச் சிலர். முதற்பாதியில் அவையில் பல இருக்கைகள் வெறுமையாய்க் கிடந்தன. இடைவேளையில் கேட்டவர்கள் தொலைபேசிகளை நோக்கி ஓடி நண்பர்களை அழைத்தனர். இரண்டாம் பாதி தொடங்கும்போது அவை நிரம்பி வழிந்தது என்பர். இளங்கலைஞர் எவரும் ஏங்கும் வெற்றி இது. ஆயினும் ஏழே ஆண்டுகளில், 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் இலாசு ஏஞ்சல்சு நகரில் வாசித்தபின், கூல்டு மேடையை அடியோடு துறந்தார். அப்போது அவருக்கு வயது 31. அவையோர் கலைஞன் எங்கே இடறுவான் என்று காத்திருக்கும் கூட்டமாகவே அவர் கண்ணுக்குத் தோன்றினர். அதன்பின் 1982ஆம் ஆண்டில் இறக்கும்வரை ஒலிப்பதிவுக் கூடத்திலேயே வாசித்தார். தமக்கு மிகவும் பிடித்த பியானோ ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பதிவுகளுக்குப் பயன்படுத்திவந்தார். அதுவும் 1971ஆம் ஆண்டில் ஊர் விட்டு ஊர் கொண்டு செல்லப்படுகையில் கீழே விழுந்து பழுதுற்றது. பயணத்தை வெறுத்தவருடைய கருவியைப் பயணமே கெடுத்தது.

அவையோரைப் பற்றிய கூல்டின் கருத்து முற்றும் சரியன்று. மாசுக்கோவில் இடைவேளையில் நண்பர்களை அழைக்க ஓடியவர்கள் இடறலைக் காண அழைக்கவில்லை. ஆயினும் அஞ்சியவரின் அச்சம் பொய்யென்று சொல்லிவிட இயலாது.

அதே அச்சத்தை வேறு வகையில் எதிர்கொண்டவர் சுவியாத்தொசுலாவு இரிக்டர். 1915ஆம் ஆண்டு உக்கிரேனில் சித்தோமிர் நகரில் பிறந்தவர். பியானோ வாசிப்பவரான தந்தையிடம் சிறிதும், தாமே முயன்று பெரிதும் கற்றார்; 22ஆம் வயதில்தான் மாசுக்கோவில் நெய்காவுசு என்னும் ஆசிரியரை அடைந்தார். அவருடைய தந்தை 1941ஆம் ஆண்டில், போர்க்காலத்தில், செருமானியர் என்ற ஐயத்தால் சோவியத்து அதிகாரிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். இத்துயரத்தைச் சுமந்தவாறே மகன் அந்நாட்டின் ஊர்களிலெல்லாம் வாசித்துவந்தார். 1960ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவுக்குச் செல்ல அவருக்கு இசைவு கிடைத்தது. நியூயார்க்கில் கார்னகி மண்டபத்தில் அவர் வாசித்த கச்சேரிகளுக்கு இடம் கிடைக்காமல் திரும்பியவர் பலர். அந்நாடு அவர் மனத்துக்குப் பிடிக்கவில்லை. விமானப் பயணமும் பிடிக்கவில்லை. இன்ன நாள் இன்ன ஊர் என்று ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே எழுதி வைக்கும் வழக்கம் அவருக்கு எல்லாவற்றினும் வெறுப்பாயிருந்தது. மனம் வந்த அன்று, ஏதேனும் ஒரு சிற்றூரில், பள்ளிக்கூடமோ கோயிலோ எதுவாயினும், அங்கே சென்று வாசிப்பதையே அவர் விரும்பினார். பிரான்சு நாட்டில் தூர் நகருக்கு அருகே மெலே என்னும் இடத்தில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய களஞ்சியம் ஒன்று உள்ளது. துறவிகள் தானியம் சேர்த்துவைக்கக் கட்டியது. உள்ளே மரத்தூண்களும் மண் தரையும். அதனைக் கண்டு மகிழ்ந்த இரிக்டர், 1964ஆம் ஆண்டில் அங்கேயே ஓர் இசைவிழாவைத் தொடங்கினார். கூல்டு மேடையைத் துறந்த ஆண்டும் அதுவே.

பியானோவைப் பற்றிய அவர் கொள்கை வியப்பானது. பல கருவிகளை வரிசையாக நிறுத்தி, இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்க என்றால் அவர் கலங்குவார். தேர்ந்தெடுத்தால், தேர்ந்தது சரியா என்ற ஐயம் கச்சேரி முழுவதும் உடன்வரும். ஊரார் எதை வைத்திருக்கிறார்களோ அதையே தமக்குரிய விதி என்று ஏற்றுக்கொண்டால் உள்ளம் அமைதியுறும். இவ்வாறே அவர் நெடுங்காலம் வாசித்தார். முதுமையில் யமகா நிறுவனத்தார் தம் கருவிகளை அவர் செல்லும் இடங்களுக்கு அனுப்பித் தர முன்வந்தபோது அதனையும் மறுக்கவில்லை. கொள்கைக்காக வசதியைத் தள்ளும் பிடிவாதம் அவரிடம் இல்லை.

வேறொரு பிடிவாதம் இருந்தது. அறுபத்தைந்து வயதை ஒட்டி அவர் செவியில் ஒரு மாற்றம் நேர்ந்தது. எந்தச் சுரத்தையும் கேட்ட மாத்திரத்தில் பெயர் சொல்லும் ஆற்றல் படைத்தவர் அவர். அத்தகைய செவிக்குச் சுரங்கள் தம் இடத்திலிருந்து உயர்ந்து ஒலிக்கத் தொடங்கின. விரல் ஒன்றை அழுத்த, செவி வேறொன்றைக் கேட்டது. நினைவிலிருந்து வாசிப்பவருக்கு இதைவிடப் பெரிய இடர் வேறில்லை. கூல்டுபோல் மேடையைத் துறந்திருக்கலாம். இரிக்டர் சுரத்தாளை எடுத்து முன்னே வைத்துக்கொண்டார். அவை முழுவதையும் இருளாக்கி, தாளின்மேல் மட்டும் விழும்படி ஒரு சிறு விளக்கை ஏற்றச் செய்தார். மக்கள் தம் முகத்தையும் விரலையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டா, இசையைக் கேட்டால் போதும் என்றார். இலிஸ்டு ஒளியில் அமர்த்திய தனிக் கலைஞரை இரிக்டர் இருளில் அமர்த்தினார்.

1986ஆம் ஆண்டில் உருசியரான இரு முதியவர்கள் அந்நாட்டில் பயணம் செய்தனர். ஒருவர் ஓரவிட்சு. 1925ஆம் ஆண்டில் தாய்நாட்டை விட்டுச் சென்றவர். இடையே 12 ஆண்டுகள் மேடையேறாமலே இருந்தவர். அவர் 61 ஆண்டுகளுக்குப் பின்னர் மாசுக்கோவுக்கு வந்தபோது நியூயார்க்கில் தம் வீட்டுக் கூடத்திலிருந்த பியானோவும் கடல் கடந்து உடன் வந்தது. அவையோரில் பலர் கண்ணீர் விட்டதைத் தொலைக்காட்சி உலகுக்குக் காட்டிற்று. மற்றவர் இரிக்டர். 71ஆம் வயதில் அவர் மகிழுந்தில் ஏறிக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். சைபீரியா வழியே பசிபிக்குக் கடற்கரையில் உள்ள விலாதிவாசுத்தோக்கு வரை சென்று திரும்பினார். ஏறத்தாழ ஆறு திங்களில் 150 கச்சேரிகள் என்பர். இசை மண்டபமே இல்லாத சிறு நகரங்களும் அவ்வழியில் இருந்தன. உருபின்சிட்டைனின் கணக்கைப் போன்றதே இக்கணக்கும். ஆனால் இங்கே ஒப்பந்தம் எழுதி இழுத்துச் சென்றவர் எவருமில்லை. போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றிற்று, போனார்.

தமிழ்நாட்டில் பியானோ புதிய கருவியன்று. சென்னை அண்ணா சாலையில் உள்ள மியூசி மியூசிகல் என்னும் இசைக்கருவிக் கடையின் வரலாறு 1842ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அந்நகரத்துச் சிறுவர் இலிடியன் நாதசுவரம் 2019ஆம் ஆண்டில், 13ஆம் வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பியானோ வாசித்து முதற்பரிசு பெற்றார். சென்னைப் பியானோக் கலைஞர் அனில் சீனிவாசன், கருநாடக இசைப் பாடகர் சிக்கில் குருசரணுடன் சேர்ந்து பல மேடைகளில் வாசித்துள்ளார். தமிழர் கை பட்டதும் அத்தனிக் கருவிக்கு ஒரு துணை வந்து சேர்ந்தது குறிப்பிடத்தக்கது. சென்னைக் கடற்காற்றின் ஈரமும் வேலூர்ப் பக்கத்து வெயிலும் அக்கருவிக்கு ஒத்தவை அல்ல. சுருதி சேர்ப்பவர் பெருநகர்களிலேயே சிலர்தாம். காவேரிப்பாக்கம் போன்ற ஊர்களில் கூத்துக் களத்துக்கு ஆர்மோனியம் வந்தது, பியானோ வரவில்லை. சுமக்க முடிந்த கட்டைப்பெட்டி சிற்றூர் சேர்ந்தது. சுமக்க முடியாதது நகரத்திலேயே நின்றுவிட்டது.

இரிக்டர் தம் 80ஆம் வயதை அடைந்த பின்னரே வாசிப்பை நிறுத்தினார். 1995ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள், செருமனியின் இலூபெக்கு நகரில் ஒரு சிறு அவையின் முன்னே அவர் இறுதியாக வாசித்தார். முதலில் ஐடன் இயற்றிய இரண்டு பாடல்களைத் தனியே வாசித்தார். கடைசிப் பாடல் இரேகர் என்பவர் இரண்டு பியானோக்களுக்காக இயற்றியது. ஆதலால் மேடையில் இரண்டாவது பியானோ ஒன்று இருந்தது. அதன்முன் அந்திரேயாசு இலூசேவிட்சு என்னும் கலைஞர் அமர்ந்திருந்தார்.